பவர் டிரான்ஸ்பார்மர் பொறுப்பு புதிதாக வந்திருக்கிறதா? ஆர்டர் முதல் எண்ணெய் அறிக்கை வரை

பவர் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கி, நிறுவி, அதன் நிலைமையைக் கண்காணிக்கும் வேலை புதிதாகத் தலையில் விழுந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்த வேலை வந்தபோது கூடவே ஒரு தடித்த கோப்பும் வந்தது. எண்ணெய் அறிக்கைகள், மெகர் (இன்சுலேஷன் மின்தடை அளக்கும் கருவி) அளவுகள், யாரோ பென்சிலில் கிறுக்கிய குறிப்புகள் என்று எண்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் தொழிற்சாலைச் சோதனை அறிக்கையில் முக்கியமான பக்கங்கள் காணோம். எண்ணெய் மாதிரியை எந்த வால்வில், என்ன சூட்டில் எடுத்தார்கள் என்று ஒரு தாளிலும் இல்லை. எந்த எண்ணையும் எதோடும் ஒப்பிட முடியவில்லை. சிலவற்றைத் தயாரிப்பாளரிடம் கேட்டுக் கேட்டு வாங்கினேன். மீதியைப் புதிதாக அளக்க வேண்டியதாயிற்று. அதற்கு மின்நிறுத்த அனுமதி கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆகவே கீழே உள்ள படிகளில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கும்போதே முதல் அளவை எடுத்து வையுங்கள். பின்னால் வேறொருவர் அதே முறையில் மறுபடி எடுக்கக்கூடிய விதத்தில் அதைப் பதிந்து வையுங்கள்.

1. ஆர்டர் போடும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

சில வசதிகளை ஆர்டர் நேரத்தில் கேட்டால் விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. டாங்க் மூடிய பிறகு கேட்டால் ஒன்று முடியாது, அல்லது எண்ணெயை இறக்கித் திறக்க வேண்டும். அவை இவை:

வைண்டிங்கின் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளின்) மிகச் சூடான இடத்தை நேரடியாக அளக்கும் ஃபைபர் ஆப்டிக் உணரிகள். வழக்கமான வைண்டிங் வெப்பமானி உண்மையில் வைண்டிங்கைத் தொடுவதே இல்லை. மேல் எண்ணெயின் சூட்டோடு, ஒரு சிடி (மின்னோட்டத்தை அளவாகக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) வழியாக வரும் மின்னோட்டத்தால் சிறு ஹீட்டரைச் சூடாக்கி, வைண்டிங் இவ்வளவு சூடாக இருக்கும் என்று மதிப்பிட்டுக் காட்டுகிறது. பெரிய டிரான்ஸ்பார்மர் என்றால் உணரிகளைக் கேளுங்கள்.

கோர் (வைண்டிங்குக்கு நடுவே உள்ள இரும்பு மையம்), ஃபிரேம் (அதைப் பிடித்திருக்கும் சட்டகம்) இரண்டின் எர்த் இணைப்பும் தனித்தனியாக டாங்குக்கு வெளியே ஒரு பெட்டிக்குக் கொண்டுவரப்பட வேண்டும். அப்போதுதான் கோர் இன்னொரு இடத்தில் எர்த்தைத் தொட்டுவிட்டதா என்று மூடியைத் திறக்காமல் மெகரால் பார்க்க முடியும்.

பிற்காலத்தில் ஆன்லைன் வாயு அளவி (எண்ணெயில் கரைந்த வாயுவை ஓடும்போதே அளப்பது) பொருத்துவதற்கு எண்ணெய் ஓட்டம் உள்ள இடத்தில் இரண்டு கூடுதல் வால்வுகள். ஒவ்வொரு புஷ்ஷிங் (மின்கம்பியை டாங்குக்கு வெளியே கொண்டுவரும் காப்புக் குழல்) வகைக்கும், அதன் சோதனை முனையான டெஸ்ட் டேப்பில் கருவியை இணைக்கும் அடாப்டர்.

அடுத்து இழப்புகள். விலைப்புள்ளியில் மலிவாக இருக்கும் டிரான்ஸ்பார்மர், மின்சாரக் கணக்கில் மலிவாக இருக்காது. சுமையற்ற இழப்பு, டிரான்ஸ்பார்மர் சார்ஜில் (மின்னழுத்தம் கொடுக்கப்பட்டு) இருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஓடும்: ஒரு கிலோவாட் கூடுதலாக இருந்தால் ஆண்டுக்கு 8,760 யூனிட், 25 ஆண்டுகளில் 2,19,000 யூனிட். சுமை இழப்பு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாதிச் சுமையில் ஓடினால் கால் பங்குதான். இரண்டுக்கும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று மதிப்பு நிர்ணயித்து, அதையும் சேர்த்து விலைகளை ஒப்பிடுங்கள். உறுதியளித்த அளவைத் தாண்டினால் அதே கணக்கில் பிடித்தம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) வெளியிட்ட 60076-1 தரநிலையே மொத்த இழப்பில் 10 சதவீதம் வரை கூடுதலை அனுமதிக்கிறது. அந்தச் சலுகைக்கும் உங்கள் பிடித்தத்துக்கும் என்ன உறவு என்பதை முன்பே தெளிவாக்காவிட்டால் பிறகு வாதாடிக்கொண்டிருக்க வேண்டும்.

கடைசியாக ஆவணங்கள். எந்தத் தரநிலை, எந்த ஆண்டுப் பதிப்பு. ஆய்வு மற்றும் சோதனைத் திட்டம். அதே வடிவமைப்புக்கு ஏற்கெனவே செய்த டைப் டெஸ்ட் (ஒரு வடிவமைப்புக்கு ஒரு மாதிரியில் மட்டும் செய்யும் சோதனை) அறிக்கைகள். எஸ்எஃப்ஆர்ஏ (பல அதிர்வெண்களில் சிக்னல் செலுத்தி, வைண்டிங் நகர்ந்திருக்கிறதா என்று வளைவாகக் காட்டும் சோதனை), டான் டெல்டா (இன்சுலேஷனில் வீணாகும் மின்சக்தியைக் காட்டும் அளவு) ஆகியவற்றின் மூலக் கோப்புகள். "மூலக் கோப்பு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எஸ்எஃப்ஆர்ஏ வளைவு பிடிஎஃப் படமாக வந்தால் அதன்மேல் புதிய வளைவை வைத்துப் பார்க்க முடியாது. சுவரில் மாட்டத்தான் உதவும்.

2. தொழிற்சாலைச் சோதனைக்குப் போகும்போது

சோதனைத் திட்டத்தில் இரண்டு வகைப் புள்ளிகள் இருக்கும். ஒன்றில் உங்கள் ஆள் வராமல் வேலை மேலே நகராது. மற்றொன்றில் உங்களை அழைப்பார்கள். வராவிட்டால் அவர்களே முடித்துவிடுவார்கள். புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் முதல் வகையில் போடச் சொல்கிறார்கள். அது தாமதத்துக்கு உங்களையே காரணமாக்கிவிடும். என் கணக்கில் கட்டாயம் நிறுத்த வேண்டியவை இரண்டு: உலர்த்தி முடித்து டாங்குக்குள் இறக்கும் முன் கோர்-காயில் அமைப்பைக் கண்ணால் பார்ப்பது, கடைசி மின்சோதனைகள்.

போன உடனே கேட்க வேண்டியது அளவுக் கருவிகளின் கேலிப்ரேஷன் சான்றுகள். தேதி பாருங்கள், கருவியின் வரிசை எண்ணோடு ஒத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

வழக்கமான சோதனைகள் ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் உண்டு: வைண்டிங் மின்தடை, டர்ன்ஸ் (சுற்று) விகிதமும் வெக்டர் குரூப்பும் (இரு பக்க வைண்டிங்குகளின் இணைப்பு முறை), இம்பீடன்ஸ் (மாறு மின்னோட்டத்துக்கு வைண்டிங் தரும் எதிர்ப்பு), சுமை இழப்பு, சுமையற்ற இழப்பு, அப்ளைடு வோல்டேஜ், இண்டியூஸ்டு வோல்டேஜ், டேப் சேஞ்சர் (வைண்டிங்கின் சுற்று எண்ணிக்கையை மாற்றி மின்னழுத்தத்தைச் சரிசெய்யும் பகுதி) இயக்கம். 72.5 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட வகுப்புகளில் மின்னல் இம்பல்ஸ் சோதனையும் இந்தப் பட்டியலில்தான் வரும். வெப்ப உயர்வுச் சோதனை டைப் டெஸ்ட். குறுக்குச் சுற்றுத் தாங்கும் சோதனை சிறப்புச் சோதனை. செலவு மிக அதிகம், அதைச் செய்யும் ஆய்வகங்களும் உலகில் சிலதான். உண்மையிலேயே தேவையா என்று யோசித்துக் கேளுங்கள். பலமுறை வடிவமைப்புக் கணக்கையும் முந்தைய அறிக்கையையும் பரிசீலித்தாலே போதும்.

எண்களில் கவனிக்க வேண்டியவை சில. டர்ன்ஸ் விகிதம் முதன்மை டேப்பில் அரை சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இம்பீடன்ஸ் சதவீதத்தின் பத்தில் ஒரு பங்கு அதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் வரம்பு. இரு வைண்டிங் டிரான்ஸ்பார்மரில் இம்பீடன்ஸ் 10 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் ஏழரை சதவீதம் கூடலாம், குறையலாம். வெப்ப உயர்வு, மேல் எண்ணெய்க்கு 60 கெல்வின், வைண்டிங் சராசரிக்கு 65 கெல்வின், மிகச் சூடான புள்ளிக்கு 78 கெல்வின். எண்ணெயை வைண்டிங்குக்குள் நேராகச் செலுத்தும் குளிர்முறையில் சராசரி மட்டும் 70 ஆகும். இண்டியூஸ்டு வோல்டேஜ் சோதனையில் பார்ஷியல் டிஸ்சார்ஜ் (இன்சுலேஷனுக்குள் எழும் சிறு மின்பொறி) அளப்பதானால், ஐஇசி 60076-3 தரநிலையின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒரு மணி நேர அளவீட்டின்போது 250 பைக்கோகூலத்தைத் தாண்டக் கூடாது. சோதனைக்கூடத்தின் பின்னணி இரைச்சல் 50-க்குள் இருக்க வேண்டும். நேரம் போகப்போக ஏறிக்கொண்டே வரும் 180, ஆடாமல் நிற்கும் 220-ஐவிட எனக்குச் சந்தேகம் தரும்.

வெப்ப உயர்வுச் சோதனைக்கு முன்னும் பின்னும் எண்ணெயின் டிஜிஏ எடுக்கச் சொல்லுங்கள். அதாவது எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களின் பகுப்பாய்வு. சோதனையின்போது உள்ளே எங்காவது அளவுக்கு மீறிச் சூடாகியிருந்தால் அது இங்கேதான் தெரியும். செலவு அற்பம், ஆனால் கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள்.

வைண்டிங் மின்தடையில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் வெப்பநிலை. செம்புக்கு, இரண்டு வெப்பநிலைகளோடும் 235-ஐக் கூட்டி, அந்த விகிதத்தில் திருத்தம் செய்வார்கள். 30 டிகிரியில் அளந்ததை 75 டிகிரிக்கு மாற்றினால் 310-ஐ 265-ஆல் வகுத்து, கிட்டத்தட்ட 17 சதவீதம் கூடும். அறிக்கையில் இருப்பது அளந்த எண்ணா திருத்திய எண்ணா, அளந்தபோது வெப்பநிலை என்ன, இரண்டும் எழுதப்படாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். களத்தில் நீங்கள் பார்க்கப்போவது ஒன்றிரண்டு சதவீத மாற்றத்தை; அங்கே 17 சதவீதக் குழப்பம் இருந்தால் என்ன பயன்?

3. வண்டியில் ஏற்றுவது முதல் இறக்குவது வரை

பெரிய டிரான்ஸ்பார்மர்கள் எண்ணெய் இல்லாமல், உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ நிரப்பிப் பயணிக்கும். மூன்று அச்சுகளிலும் அதிர்வைப் பதியும் இம்பாக்ட் ரெக்கார்டர் ஒன்றாவது, முடிந்தால் இரண்டு, பொருத்தச் சொல்லுங்கள். பயண நாட்களைவிட நீண்ட பேட்டரி ஆயுள் வேண்டும். துறைமுகத்தில் காத்திருக்கும் வாரங்களையும் கணக்கில் சேருங்கள். பாதி வழியில் பேட்டரி தீர்ந்த ரெக்கார்டர், காப்பீட்டுக்காரருக்குத்தான் சாதகம்.

வந்து சேர்ந்ததும் வண்டியிலிருந்து இறக்கும் முன்பே மூன்றைப் பாருங்கள். உள்ளே வாயு அழுத்தம் இன்னும் இருக்கிறதா. ரெக்கார்டர் என்ன சொல்கிறது. கோரை ஃபிரேமுக்கும் எர்த்துக்கும் எதிராக மெகர் செய்தால் தொழிற்சாலை அளவோடு ஒத்து வருகிறதா. இறக்கிவிட்டுப் பார்த்தால் சேதம் சாலையில் நடந்ததா, கிரேனில் நடந்ததா என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். கிளம்பும் முன் தொழிற்சாலையிலேயே, போக்குவரத்து நிலையில், எண்ணெய் இல்லாமல் ஓர் எஸ்எஃப்ஆர்ஏ எடுத்திருந்தால் இறக்கியபின் அதேபோல் ஒன்று எடுத்து ஒப்பிடலாம். எண்ணெய் நிரம்பிய நிலையில் எடுத்த வளைவோடு இதை ஒப்பிடக் கூடாது. எண்ணெய் இருந்தால் வளைவு இடம் மாறும்.

4. நிறுவி சார்ஜ் செய்யும் வரை

வெற்றிடம் எவ்வளவு, எத்தனை மணி நேரம், எண்ணெய் நிரப்பியபின் எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பதெல்லாம் மின்னழுத்த வகுப்புக்கும் தயாரிப்பாளருக்கும் ஏற்ப மாறும். கையேட்டில் போட்டிருப்பதைச் செய்யுங்கள். "நேரமில்லை, ஆறும் நேரத்தைப் பாதியாக்கலாம்" என்று தளத்தில் எப்போதும் யாராவது சொல்வார்கள். எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள், அடங்கிவிடுவார்கள்.

சார்ஜ் செய்யும் முன் எடுக்க வேண்டிய அளவுகள்: வைண்டிங் மின்தடை எல்லா டேப்பிலும், விகிதம், இன்சுலேஷன் மின்தடை, வைண்டிங்குகளுக்கும் ஒவ்வொரு புஷ்ஷிங்குக்கும் டான் டெல்டாவும் கெபாசிட்டன்ஸும், மேக்னடைசிங் கரண்ட் (சுமையின்றிக் கோரைக் காந்தமாக்க இழுக்கும் மின்னோட்டம்), எஸ்எஃப்ஆர்ஏ, எண்ணெயின் முழுச் சோதனையும் டிஜிஏயும். வரிசையில் ஒரு நுணுக்கம் உண்டு. வைண்டிங் மின்தடைக்கு நேர் மின்னோட்டம் செலுத்துவதால் கோரில் காந்தம் தங்கிவிடும். அதன்பின் காந்தம் நீக்காமல் மேக்னடைசிங் கரண்ட்டோ எஸ்எஃப்ஆர்ஏயோ எடுத்தால், தாழ்ந்த அதிர்வெண்களில் வளைவு வேறு மாதிரி வந்து பீதியைக் கிளப்பும். மின்தடையைக் கடைசியில் வைத்துக்கொள்வது எளிது.

எஸ்எஃப்ஆர்ஏ எடுக்கும்போது டேப் நிலை, எந்த முனையில் எது, எர்த் பட்டை எப்படிப் போட்டது எல்லாவற்றையும் மொபைலில் படம் பிடித்து அறிக்கையோடு வையுங்கள். அதிக அதிர்வெண் பகுதியில் எர்த் பட்டையின் நீளமே வளைவை மாற்றும்.

புஷ்ஷிங் டெஸ்ட் டேப் மூடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மூடி வெறும் தூசி மறைப்பு இல்லை. புஷ்ஷிங்குக்குள் அடுக்கடுக்காகச் சுற்றிய உலோகப் படலங்களில் கடைசியானதை எர்த் செய்வது அதுதான். சோதனை முடிந்து மூடியைத் திருப்பிப் போட மறந்தாலோ, நூல் சரியாக இறங்காமல் நின்றாலோ, சார்ஜ் ஆனதும் அந்த இடத்தில் அதிக மின்னழுத்தம் எழுந்து பொறி பறக்கும், புஷ்ஷிங்கே வெடிக்கலாம். அளந்தவர் அல்லாத இன்னொருவர் ஒவ்வொரு மூடியையும் கையால் சோதித்துக் கையெழுத்திட வேண்டும்.

ரேடியேட்டர் வால்வுகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். பொருத்தும்போது மூடியது மூடியபடியே கிடப்பது ரொம்ப சகஜம். சுமை ஏறியபின் ரேடியேட்டரைத் தொட்டாலோ வெப்பப் படம் எடுத்தாலோ ஒன்று மட்டும் சில்லென்று இருக்கும்.

5. எண்ணெய் மாதிரி எடுப்பது

இதைத்தான் பெரும்பாலோர் கடைநிலை உதவியாளரிடம் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், கண்காணிப்பு முழுக்க நிற்பது இந்த ஒரு வேலையின்மேல். மாதிரி கெட்டால், எவ்வளவு நல்ல ஆய்வகமும் கெட்ட எண்ணைத்தான் கொடுக்கும்.

முதலில் பாதுகாப்பு. டாங்கில் எண்ணெய் அழுத்தம் இருக்கிறதா என்று உறுதி செய்யாமல் வால்வைத் திறக்காதீர்கள். உள்ளே வெற்றிடம் போல இழுப்பு இருந்தால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்பார்மரில் காற்றுக்குமிழி வைண்டிங்குக்குள் புகுவது எந்த மாதிரிக்கும் பெறுமானமில்லாத ஆபத்து. மழையிலும் பனியிலும் எடுக்க வேண்டாம்.

டிஜிஏக்கு மூவழி வால்வு வைத்த கண்ணாடி சிரிஞ்சு பயன்படுத்துங்கள். வால்வின் வாயைப் பஞ்சு இழை ஒட்டாத துணியால் துடைத்து, வால்விலும் குழாயிலும் தேங்கிக் கிடந்த பழைய எண்ணெயை வாளியில் விட்டுவிடுங்கள். கணக்குப் பார்த்து அரை லிட்டரோடு நிறுத்தாதீர்கள். நீண்ட குழாய் என்றால் சில லிட்டர் போக வேண்டும். சிரிஞ்சை நிரப்பி ஒருமுறை அலசிக் கொட்டுங்கள். பிறகு பிஸ்டனை நீங்கள் இழுக்காமல், எண்ணெயே தன் அழுத்தத்தால் தள்ளி நிரப்பட்டும். இழுத்தால் கரைந்த வாயு குமிழாகப் பிரியும். நிரம்பியதும் நிமிர்த்திப் பிடித்து, நிரப்பும்போது உள்ளே போன குமிழி இருந்தால் வெளியேற்றி மூடுங்கள். ஆனால் மூடி வைத்தபின், வழியில் எண்ணெய் குளிர்ந்து ஒரு குமிழி தோன்றினால் அதை வெளியேற்றவே கூடாது. அளக்க வேண்டிய வாயுவில் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. முதலில் ஓடிப்போவது ஹைட்ரஜன்.

சிரிஞ்சை வெளிச்சம் படாத பெட்டியில் வைத்து, தள்ளிப்போடாமல் அனுப்புங்கள். சீட்டில் எழுத வேண்டியவை: டிரான்ஸ்பார்மர் வரிசை எண், எந்த வால்வு, தேதி, நேரம், எண்ணெய் வெப்பநிலை, அப்போதைய சுமை, கடைசியாக எண்ணெய் வடிகட்டிய தேதி. இந்தக் கடைசி விவரம் விட்டுப்போனால் பெரிய பிழை நேரும். வாயு நீக்கி வடிகட்டிய எண்ணெயில் எல்லா எண்ணும் தரையில் இருக்கும். கோளாறு சரியாகிவிட்டது என்று தோன்றும். வைண்டிங்கைச் சுற்றியுள்ள இன்சுலேஷன் காகிதத்தில் ஊறியிருந்த வாயு மெல்ல எண்ணெய்க்குத் திரும்பும்போது எண்கள் மறுபடி ஏறும்; அதைப் புதுக் கோளாறு என்று நினைப்பார்கள்.

எப்போது எடுப்பது? சார்ஜ் செய்யும் முன், சார்ஜ் செய்த ஓரிரு நாளில், ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில், பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் என்று இடைவெளியை அகட்டிக்கொண்டே போய் ஆண்டுக்கு ஒருமுறை என்று நிறுத்தலாம். முக்கியமான டிரான்ஸ்பார்மர் என்றால் ஆறு மாதத்தில் நிறுத்துங்கள். மாதிரி எடுக்க மின்நிறுத்தம் தேவையில்லை, கட்டணமும் மற்ற சோதனைகளோடு பார்த்தால் மிகக் குறைவு. இதில் சிக்கனம் வேண்டாம்.

6. டிஜிஏ அறிக்கையை எப்படிப் படிப்பது

அறிக்கையின் அடியில் ஆய்வகம் ஒரு வரி எழுதியிருக்கும்: "இயல்பு" அல்லது "கவனம் தேவை". அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் போன அறிக்கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

வாயுக்கள் சொல்வது சுருக்கமாக: ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் பார்ஷியல் டிஸ்சார்ஜாக இருக்கலாம். மீத்தேன், ஈத்தேன் கூடினால் குறைந்த சூட்டுக் கோளாறு. எத்திலீன் கூடினால் அதிகச் சூடு. அசெட்டிலீன் வந்தால் மின்பொறி அல்லது மிக மிக அதிகச் சூடு. கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் காகிதம் சிதைவதால் வருபவை.

ஐஇசி 60599 தரும் வழக்கமான அளவுகள், அதாவது உலகின் டிரான்ஸ்பார்மர்களில் 90 சதவீதம் இருக்கும் எல்லை, பிபிஎம்மில் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இப்படி: ஹைட்ரஜன் 50 முதல் 150, மீத்தேன் 30 முதல் 130, ஈத்தேன் 20 முதல் 90, எத்திலீன் 60 முதல் 280, கார்பன் மோனாக்சைடு 400 முதல் 600. அசெட்டிலீன் 2 முதல் 20. ஆனால் டேப் சேஞ்சர் எண்ணெயும் டாங்க் எண்ணெயும் தொடர்புள்ள அமைப்பானால் 60 முதல் 280. இவை அபாய எல்லைகள் இல்லை. இவற்றைத் தாண்டி ஆண்டுக்கணக்கில் அசையாமல் நிற்கும் டிரான்ஸ்பார்மர்களும் உண்டு. இவற்றுக்கு வெகு கீழே இருந்து ஒரே மாதத்தில் இரட்டிப்பாகிப் பழுதானவையும் உண்டு. ஏறும் வேகத்தைப் பாருங்கள். இல்லாத அசெட்டிலீன் புதிதாக 3 பிபிஎம் வந்தால், எண் சிறியதென்று விடாமல் உடனே இன்னொரு மாதிரி எடுங்கள்.

டூவல் முக்கோணம் என்று ஒன்று கேள்விப்படுவீர்கள். மீத்தேன், எத்திலீன், அசெட்டிலீன் மூன்றின் விகிதத்தை ஒரு முக்கோணத்தில் புள்ளியாக வைத்து, எந்த வகைக் கோளாறு என்று சொல்லும் நல்ல கருவி. ஆனால் முக்கோணத்தில் "கோளாறு இல்லை" என்ற பகுதியே கிடையாது. நலமாக இருக்கும் டிரான்ஸ்பார்மரின் எண்களைப் போட்டாலும் ஏதாவது ஒரு கோளாறின் பெயரைச் சொல்லும். வாயு ஏறுகிறது என்று உறுதியான பிறகே அதை எடுங்கள். புதியவர்கள் அதிகம் பயந்துபோவது இங்கேதான்.

எனக்கு ஒருமுறை வந்த அறிக்கையில் "உள்ளே ஆர்க்கிங், உடனே நிறுத்தவும்" என்று இருந்தது. அசெட்டிலீன், ஹைட்ரஜனைப்போல மூன்று மடங்குக்கு மேல். ஐஇசி 60599 சொல்கிறது: இந்த விகிதம் 2 அல்லது 3-ஐத் தாண்டினால் டேப் சேஞ்சர் எண்ணெய் பிரதான டாங்குக்குள் கலந்திருக்கலாம். டேப் மாறும்போது பொறி வருவது இயல்பு; அங்கே அசெட்டிலீன் இருக்கத்தான் செய்யும். டேப் சேஞ்சர் அறையிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தபின் சீல் கசிவு என்று தெரிந்தது. ஆய்வகத்துக்கு டேப் சேஞ்சர் வகையை யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

கார்பன் டை ஆக்சைடை மோனாக்சைடால் வகுத்தால் 3-க்குக் கீழே வருகிறதா? காகிதம் கருகும் கோளாறு என்று சந்தேகியுங்கள். இரண்டு அறிக்கைகள் பெரிய வித்தியாசத்தில் ஒத்துவராவிட்டால், முதலில் மாதிரியைச் சந்தேகியுங்கள், பிறகு ஆய்வகத்தை. ஒரே ஆய்வகத்தோடு நீடிப்பது நல்லது; இரண்டு ஆய்வகங்கள் ஒரே எண்ணெய்க்கு ஒரே எண்ணைத் தருவதில்லை.

7. எண்ணெயின் மற்ற எண்கள், காகிதத்தின் வயது

பிரேக்டவுன் வோல்டேஜ் (எண்ணெய் தாங்காமல் பொறி பறக்கும் மின்னழுத்தம்): ஐஇசி 60156 முறையில் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி, ஆறு அளவுகளின் சராசரி. அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் முறை ஒன்றில் இடைவெளி 1 அல்லது 2 மில்லிமீட்டர். முறை தெரியாமல் "60 கிலோவோல்ட் வந்தது, இப்போது 40 வந்தது" என்று ஒப்பிடுவது வீண்.

ஈரம் இன்னும் தந்திரமானது. நீரில் பெரும்பகுதி காகிதத்தில் இருக்கிறது, எண்ணெயில் இருப்பது சொற்பம். சூடு ஏறினால் காகிதம் நீரை எண்ணெய்க்குக் கொடுக்கும், குளிர்ந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும். 20 டிகிரியில் எடுத்த 15 பிபிஎம்மும் 60 டிகிரியில் எடுத்த 15 பிபிஎம்மும் ஒன்றல்ல, முதலாவதுதான் கவலைக்குரியது. எண்ணெயை மட்டும் வடிகட்டினால் எண் அழகாகும், காகிதத்தின் ஈரம் அப்படியே இருக்கும்.

அமிலத்தன்மை, இன்டர்ஃபேஷியல் டென்ஷன் (எண்ணெயும் நீரும் சந்திக்கும் பரப்பின் இழுவிசை), 90 டிகிரியில் டான் டெல்டா இவை எண்ணெயின் முதுமையைக் காட்டும். புது எண்ணெயின் அமிலத்தன்மை, கிராமுக்கு 0.01 மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற அளவைத் தாண்டக் கூடாது. பழையதை எப்போது சுத்திகரிப்பது என்பதற்கு ஐஇசி 60422 வழி சொல்கிறது.

எண்ணெயை மாற்றலாம், காகிதத்தை மாற்ற முடியாது. அதன் பாலிமர் நீளம் (செல்லுலோஸ் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் என்ற எண்) புதிதில் 1,000-ஐ ஒட்டி இருக்கும், 200-ஐ நெருங்கும்போது இயந்திர வலிமை போய்விட்டது என்று கொள்வார்கள். சாதாரணக் காகிதத்தில் சூடான புள்ளி 98 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரி ஏறும்போதும் வயதாகும் வேகம் இரட்டிப்பாகிறது. எண்ணெயில் ஃபியூரான் (காகிதம் சிதையும்போது உண்டாகும் சேர்மம்) அளந்தால் காகிதத்தின் நிலையை ஊகிக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும்.

இதோடு, தினமும் நடந்து பார்க்கும்போது பிரீதரை (டிரான்ஸ்பார்மர் இழுக்கும் காற்றின் ஈரத்தைச் சிலிகா ஜெல்லால் உறிஞ்சும் குடுவையை) ஒரு பார்வை பாருங்கள். காற்று கீழிருந்து நுழைவதால் சிலிகா ஜெல் கீழிருந்துதான் நிறம் மாறும். மேலிருந்து நிறம் மாறியிருந்தால் ஜெல்லை மாற்றிவிட்டுப் போகாதீர்கள்; பிரீதருக்கு மேலே எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது.

8. மின்நிறுத்தம் வாங்கிச் செய்பவை

இங்கே உண்மையான செலவு சோதனைக் கட்டணம் இல்லை, நிறுத்தம்தான். எனவே பிரேக்கர், ரிலே வேலைகளுக்கு நிறுத்தம் எப்போது என்று கேட்டு அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழுவை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். எல்லாரும் குறைந்த சுமைக் காலத்தில்தான் நிறுத்தம் கேட்பார்கள், அந்த மாதங்களில் கருவியும் கிடைக்காது, ஆளும் கிடைக்கமாட்டார்.

ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் புஷ்ஷிங்குகளையும் டேப் சேஞ்சரையும் எடுத்துக்கொள்ளுங்கள். புஷ்ஷிங்கில் டான் டெல்டாவைவிடக் கெபாசிட்டன்ஸ் எண்ணை உற்றுப் பாருங்கள். அது சில சதவீதம் கூடியிருந்தால் உள்ளே படலங்களுக்கிடையே குறுக்குச் சுற்று ஏற்பட்டிருக்கக்கூடும். டான் டெல்டா ஈரத்துக்கும் அழுக்குக்கும் ஆடும். போர்சலைனைத் துடைத்துக் காய்ந்தபின் அளங்கள். டேப் சேஞ்சரில் எல்லா டேப்பிலும் ஏறியும் இறங்கியும் மின்தடை எடுங்கள். ஒரே ஒரு டேப்பில் மட்டும் கூடியிருந்தால் அந்தத் தொடர்பில் படிவமோ தேய்வோ. வருடக்கணக்கில் ஒரே டேப்பில் நின்ற டிரான்ஸ்பார்மர் என்றால் அளக்கும் முன் முழு வீச்சில் சிலமுறை இயக்குங்கள்.

9. ஆன்லைன் அளவி இப்போதே வேண்டுமா?

விற்பனையாளர் கட்டாயம் வருவார். ஹைட்ரஜனை மட்டும் பார்க்கும் எளிய கருவியிலிருந்து எல்லா வாயுக்களையும் பிரித்து அளப்பது வரை இருக்கின்றன. இரண்டுக்கும் விலையில் பெரிய இடைவெளி. மாற்று இல்லாத டிரான்ஸ்பார்மருக்கும், ஏற்கெனவே வாயு ஏறிக்கொண்டிருப்பதற்கும் அது பெறுமானமுள்ளது. மற்றவற்றுக்கு ஒழுங்கான ஆய்வகச் சுழற்சி போதும் என்பேன். வாங்குவதானால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உணரி, கேலிப்ரேஷன் வாயு, பம்ப் இவற்றின் மாற்றுக் காலமும் செலவும் என்ன? நள்ளிரவில் அலாரம் வந்தால் அது யார் மொபைலுக்குப் போகும்? இரண்டாவதற்குப் பதில் இல்லாத இடங்களில் அந்தக் கருவி யாரும் பார்க்காத சிவப்பு விளக்காகத்தான் எரிகிறது. வாங்கியபின்னும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வக மாதிரியோடு ஒத்துப் பாருங்கள்.

10. அலாரமோ டிரிப்போ வந்தால்

புக்ஹோல்ஸ் ரிலேயின் (உள்ளே வாயு சேர்ந்தாலோ எண்ணெய் வேகமாகப் பாய்ந்தாலோ உணரும் கருவி) அலாரம் மட்டும் வந்தால் ரிலேயில் சேர்ந்த வாயுவைச் சிரிஞ்சில் எடுத்து, எண்ணெய் மாதிரியோடு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அண்மையில் எண்ணெய் வேலை நடந்திருந்தால் வெறும் காற்றாக இருக்கலாம். தீப்பெட்டி உரசிப் பார்க்கும் பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அனுமதிக்காதீர்கள்.

புக்ஹோல்ஸும் டிஃபரன்ஷியல் ரிலேயும் (உள்ளே போகும், வெளியே வரும் மின்னோட்டங்களை ஒப்பிடுவது) சேர்ந்து டிரிப் ஆனால் ஒருமுறை சார்ஜ் செய்து பார்க்கலாமே என்ற பேச்சுக்கே இடமில்லை. நிகழ்வுப் பதிவுகளை அழியும் முன் நகலெடுங்கள். ரிலேயிலும் டாங்கின் கீழ் வால்விலும் மாதிரி எடுங்கள். வாயு எண்ணெய் முழுக்கப் பரவ நேரம் எடுக்கும் என்பதால் கீழ் மாதிரி முதலில் சுத்தமாகவே வரலாம், சில மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். பிறகு இன்சுலேஷன் மின்தடை, விகிதம், மேக்னடைசிங் கரண்ட், டான் டெல்டா, எஸ்எஃப்ஆர்ஏ, கடைசியில் வைண்டிங் மின்தடை. ஒவ்வொன்றையும் நான்காம் படியில் எடுத்து வைத்த தாளோடு, அதே டேப்பில், அதே இணைப்பில் ஒப்பிடுங்கள். தயாரிப்பாளரைக் கூப்பிடும்போது இரண்டு கோப்புகளையும் சேர்த்தே அனுப்புங்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது பழையதைத்தான்.